கூறைச்சேலையின் மறுமுனை

ஆர்.எஸ்.புரம், கோயமுத்தூர்
6 ஜூலை 2025

மதனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் செல்போன் பாத்திரத் தொட்டியில் போன கதைதான் உனக்குத் தெரியுமே. அதற்குப் பிறகு வேறு வாங்கவில்லை. உன் மாமாவும் தன் போனை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. சத்தத்தை அடைத்து, வாசலில் செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார். அவரை யாராவது அவசரமாகத் தேடினால் தகவல் முதலில் செருப்புக்குத்தான் போகிறது. ஆகவே தபால்.

உன் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அம்மா கோபியிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஒரு சீப்புப் பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இணைச்சீருக்குக் கோமளா உக்காந்துக்குவா கண்ணு. உனக்கு எதுக்கு வீண் சிரமம்."

உனக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். சித்தப்பா மகள் கோமளா நல்ல பெண். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் சொந்த அக்கா உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தியை இணைச்சீருக்கு உட்கார வைப்பது எந்த ஊர் வழக்கம்? சீர்க்கூடையான பேழைமூடியைச் சுமந்து வந்து உன் பக்கத்தில் உட்கார வேண்டியவள் நான். நீ கட்டப்போகிற நந்திதாவுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனையை நீ பிடிக்க, மறுமுனையைப் பிடிக்க வேண்டியவள் நான். நீ அரைஞாண் கயிற்றோடு வாய்க்காலில் விழுந்து எழுந்துகொண்டிருந்த காலத்திலிருந்து அம்மா அதைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தலை வாரிவிட்டார்.

போன மாதம் என் வாசலில் நின்று நாம் இரண்டு பேரும் கத்தியதை மாடி வீட்டுக்காரர் இன்னும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதைச் செய்தாயா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. உடம்பு சரியில்லாதவள் என்று என்னை ஓரமாக உட்கார வைத்திருக்கிறாய் என்றால், அதை என்னால் தாங்கவே முடியாது.

மோகனப்பிரியா

*

கோபிசெட்டிபாளையம்
12 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மதன் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கடையில் சொட்டுநீர்க் குழாய்க்குக் கொட்டேஷன் எழுதுவதோடு சரி. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் செய்யவில்லை. உங்களுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். சென்னிமலையில் நிச்சயதார்த்தம் நடந்த அன்று என்ன ஆயிற்று என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நந்திதாவின் பெரியப்பா பையில் போன் அடித்தது. நீங்கள் கையிலிருந்த வெற்றிலைத் தட்டை அப்படியே கீழே விட்டுவிட்டு உள்ளே ஓடிப் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டீர்கள். கதவுக்கு வெளியே நின்றது நான். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கூப்பிடக் கூப்பிட நீங்கள் பதில் பேசவில்லை. கதவை உடைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்னால் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ஏனுங்க, மாப்பிள்ளையோட அக்காவுக்குக் காத்துக்கருப்பு ஏதாச்சும் இருக்குமோ?" அந்த இடத்திலேயே நிச்சயத்தை நிறுத்திவிட்டு வந்துவிடலாமா என்று இருந்தது. நந்திதா முகத்தைப் பார்த்து அடங்கிப்போனேன். நம் அம்மா மறுநாளே போய் ஒரு கயிறு மந்திரித்துக்கொண்டு வந்தார். அதை உங்களிடம் கொடுக்கத் தைரியமில்லாமல் சாமி அறையில் வைத்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு ஊரே வரும். ஆளுக்கு ஒரு போன், சிலபேருக்கு ரெண்டு. மேடையில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் உங்களுக்கு மறுபடியும் அப்படி ஆவதைப் பார்க்க என்னால் முடியாது. அதனால்தான் கோமளாவைக் கேட்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். போன மாதம் மாமா போனுக்கு விடாமல் கூப்பிட்டதற்கு என்னைத் திட்டினீர்கள். நீங்கள் போனை எடுக்காவிட்டால் இந்தப் பக்கம் எனக்கு என்ன ஆகிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? கோபியிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்து பார்த்தால், நீங்கள் ஈரக் கையோடு வந்து கதவைத் திறக்கிறீர்கள். உங்கள் போன் பாத்திரத் தொட்டிக்குள் கிடக்கிறது. நான் கத்தாமல் என்ன செய்வேன்.

மதன்

*

ஆர்.எஸ்.புரம்
20 ஜூலை 2025

மதன் கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதல் நாள் கோபம், இரண்டாம் நாள் அழுகை. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். நீ கேட்ட கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் முன் வேனுக்குள் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். இதுவரை ரிஃபானாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவர் இந்தத் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற மனநல ஆலோசகர். ஏப்ரல் முதல் வாராவாரம் அவரிடம் போகிறேன்.

போன நவம்பரில் எங்கள் பம்ப் கம்பெனிப் பெண்கள் மைசூர் போய்த் திரும்பும்போது திம்பம் வளைவில் வேன் கவிழ்ந்தது, என் கால் சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது, இதெல்லாம் உனக்குத் தெரியும். கவிழ்ந்த பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. மூடுபனி உள்ளே வந்தது. பிறகு யாரோ எங்கோ செய்தியைப் பார்த்திருக்க வேண்டும், ஒவ்வொரு போனாக அடிக்க ஆரம்பித்தது. சீட்டுக்கு அடியில், பைக்குள், இருட்டுக்குள் எல்லாம் அடித்தது. எங்கள் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்த ராசாத்தாள் அக்காவின் போன் என் முகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. திரையில் "வீடு" என்று வந்தது. நின்றது. மறுபடியும் "வீடு". எனக்குக் கை எட்டவில்லை. அக்கா என் பக்கத்தில்தான் இருந்தார். அவர் போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த வீட்டுக்குத் தெரியவில்லை. ஆள் வந்து எங்களை வெளியே எடுக்கும்வரை அது அடித்துக்கொண்டே இருந்தது.

இப்போது போன் அடித்தால் எனக்கு நினைவு வருவதில்லை, மதன். நினைவு வந்தால்கூடப் பரவாயில்லை. உடம்பு நேரே அங்கே போய்விடுகிறது. கை சில்லிட்டுப் போகும், காது அடைத்துக்கொள்ளும், ஆறிப்போன காலில் அந்த இடம் மட்டும் வலிக்கும். கூப்பிட்டால் கேட்கும், ஆனால் பதில் சொல்ல வாய் வராது. சென்னிமலைப் பாத்ரூமில் நான் தண்ணீரைத் திறந்துவிட்டது அந்தச் சத்தத்தை மறைக்கத்தான்.

ரிஃபானா முதல் நாளே சொன்னார்: "அது முடிஞ்சுபோச்சுன்னு உங்க புத்திக்குத் தெரியுங்க. உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லலைங்க." நம் தோட்டத்தில் ஒருமுறை மோட்டார் புகைந்த பிறகு அந்த ஸ்டார்ட்டர் என்ன செய்தது? கரண்ட் லேசாக ஆடினாலே ட்ரிப் ஆகி நின்றுவிடும். என் உடம்பும் அப்படித்தான் இருக்கிறது. பைத்தியமும் இல்லை, காத்துக்கருப்பும் இல்லை. அந்த அம்மாவைப் பார்த்தால் சொல்லிவிடு.

இதை மெதுவாகச் சரிசெய்ய முடியும் என்கிறார், செய்துகொண்டும் இருக்கிறோம். முதலில் திரும்பி வரப் பழக வேண்டும். பாதத்தைத் தரையில் அழுத்து, மூச்சை இழுப்பதைவிட நீளமாக விடு, கண்ணில் படுகிற பொருளின் பெயரைச் சொல்லு. கேட்க ஒன்றாம் வகுப்புப் பாடம் போல இருக்கும். ஆனால் இரண்டு மாதம் அதைத்தான் செய்தேன். பிறகுதான் வேன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல விட்டார்.

இப்போது உன் கேள்வி, நான் போனை எடுக்காவிட்டால் அந்தப் பக்கம் உனக்கு என்ன ஆகிறது என்பது. அந்த வேனில் என் போனும் அடித்தது. உன் அழைப்புக்கென்று நீ வைத்துக்கொடுத்த நாதஸ்வர ட்யூன். அது நீதான் என்று தெரியும், எங்கே கிடக்கிறது என்றுதான் தெரியவில்லை. இதை ரிஃபானாவிடம் சொன்னபோது அவர் ஒன்று கேட்டார். "உங்க தம்பி வேனுக்குள்ள இல்லைங்க. ஆனா அந்தப் போனோட மறுமுனையில அவர்தானுங்களே இருந்தாரு. அவருக்கு எப்படி இருக்குதுங்க?" அதை உன்னிடமே கேட்கிறேன். நீயே சொல்.

இணைச்சீருக்கு நான்தான் உட்காருவேன். அதில் பேச்சு இல்லை.

அக்கா

*

கோபி
2 ஆகஸ்ட் 2025

அக்கா,

எனக்கு ஒன்றுமில்லை. இப்படி ஒரு வரி எழுதிப் பத்து நாள் அப்படியே வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

வேன் கவிழ்ந்த அன்றைக்குக் கடைக்கு எதிர் டீக்கடை டிவியில் செய்தி பார்த்தேன். வேன் நம்பர் சொல்லவில்லை. உங்களைக் கூப்பிட்டேன், மணி போயிற்று. எடுக்கவில்லை என்றாலும் மணி போகிறதே என்று ஒரு தைரியம். வண்டியை எடுத்தேன். சத்தியமங்கலம் தாண்டும் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே போனேன். பண்ணாரி செக்போஸ்டில் மேலே விடவில்லை. அங்கே நின்றும் கூப்பிட்டேன். அப்புறம் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்போது அங்கே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உங்களை ஆம்புலன்ஸில் பார்க்கும் வரைக்கும் எனக்கு அக்கா இல்லை என்றுதான் இருந்தேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அடிபட்டது உங்களுக்கு, எனக்கு என்ன வந்தது.

ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. நந்திதாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி. அடுத்தபடி எனக்கு நினைவிருப்பது சென்னிமலையில் அவர்கள் தறிப்பட்டறை வாசலில் நான் பைக்கோடு நின்றதுதான். சட்டை முழுக்க வேர்வை. கடையைப் பூட்டினேனா என்றுகூடத் தெரியவில்லை. அவள் அப்பா வெளியே வந்து, "ஏனுங் மாப்பிள்ளை, சொல்லாம கொள்ளாம?" என்றார். உள்ளே நந்திதா தறிச் சத்தத்தில் பெட்ஷீட்டை எண்ணிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். போன் அவள் டிபன் பைக்குள் இருக்கிறது.

அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, திட்டுவாள் என்று பார்த்தால், மெதுவாகத்தான் கேட்டாள். "நான் ஒவ்வொருக்கா போனை எடுக்காதப்பவும் இப்படித்தான் வருவீங்களா? அப்படின்னா எனக்குப் பயமா இருக்குதுங்க. என்னைய நம்பலைன்னு ஆயிருமுங்க." நம்பாமல் இல்லை என்று சொன்னேன். வேறு என்ன என்று கேட்டாள். அப்போதுதான் உங்கள் கடிதத்தில் இருந்ததை எடுத்துச் சொன்னேன், ரிஃபானா மேடம் கேட்டதையும் சேர்த்து. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப நீங்களும் போயி அவங்களைப் பாருங்க" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் போனால்தான் அவளுக்கு நிம்மதியாம். எனக்கும் அவள் போய்விடுவாளோ என்ற பயம்.

வியாழக்கிழமை ரிஃபானா மேடத்திடம் வருகிறேன். நேரம் மாமா வாங்கிக் கொடுத்தார். செருப்பு ஸ்டாண்டுக்கு நன்றி.

கோமளாவிடம் சொல்லிவிட்டேன். "சந்தோசமுங்ண்ணா, ஆனா ஜாக்கெட் தெக்கக் குடுத்துட்டேன், அதைப் போட்டுட்டுத்தான் வருவேன்" என்றாள். அருமைக்காரர் நஞ்சுண்டனுக்கும் சொல்லியாயிற்று. சீரெல்லாம் செய்து வைப்பவர் அவர்தானே, "சொந்த அக்கா வந்தா அதுக்கு மேல என்னங்க" என்றார். மண்டப வாசலில் எல்லார் போனையும் வாங்கி வாழைத்தார்க் கூடையில் போட்டு வைக்கலாமா என்று அம்மா கேட்கிறார். நிஜமாகவே கூடையை எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார்.

தம்பி மதன்

*

ஆர்.எஸ்.புரம்
16 ஆகஸ்ட் 2025

மதன்,

வியாழக்கிழமை நீ ரிஃபானா அறையிலிருந்து வெளியே வந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். அப்புறம் அன்னபூர்ணியம்மா மெஸ்ஸில் இரண்டு பிளேட் பணியாரம் தின்றாயே, அது போதும் எனக்கு.

கூடை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடு. கோபியில் ஒருவர் போனை வாங்கிக் கூடையில் போட்டால் அந்தக் கல்யாணத்தில் சாப்பாடே நடக்காது. தவிர, அன்றைக்கு மட்டும் ஊரை அடக்கிவிட்டால் மறுநாள் நான் பஸ் ஏற வேண்டாமா? வேலைக்குப் போக வேண்டாமா?

நான் இங்கே பாடம் படிக்கிறேன். உன் மாமா மொட்டை மாடியில் நின்றுகொண்டு போனை அடிக்க விடுவார். நான் கீழே வாசலில், மனசு இங்கேயே நிற்கக் கையில் ஐஸ்கட்டியோடு உட்கார்ந்திருப்பேன். எப்போது அடிக்கும் என்று எனக்கு முதலிலேயே தெரியும், கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார். அப்புறம் மாடிப்படி. இப்போது ஹாலுக்கே வந்துவிட்டோம். மாடி வீட்டுக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை.

எல்லாம் ஏறுமுகம் என்று நினைத்துக்கொள்ளாதே. திங்கட்கிழமை மார்க்கெட்டில் வெங்காயக்காரர் போன் சட்டென்று அடித்தது. மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஓடவில்லை. கத்தரிக்காய், முருங்கைக்காய், தராசு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நான் விலை கேட்கிறேன் என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் விலை சொன்னார். திரும்பி வந்த பிறகு எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்தன்று ஒரு ஏற்பாடு. மேடையில் பேச முடியாது, சுற்றிலும் ஆள் இருக்கும். கூறைச்சேலையின் ஒரு முனை உன் கையில், மறுமுனை என் கையில். நான் ஒரு இழுப்பு இழுத்தால், இருக்கிறேன், சீர் நடக்கட்டும் என்று அர்த்தம். இரண்டு இழுப்பு இழுத்தால் என்னை வெளியே கூட்டிப் போ. கோமளா பின்னால் நிற்கட்டும். அப்படி ஆனால் அவளை உட்கார வைத்துச் சீரை முடித்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு வெட்கம் இல்லை. பழைய வேட்டி ஒன்றை வைத்து உன் மாமாவோடு பழகிப் பார்த்தேன். அவர் தூங்கிவிட்டார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான், கண்ணு. என் தம்பிக்கு நான் செய்ய வேண்டிய சீரை அந்த வேன் எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

அக்கா

*

கோபி
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணம் முடிந்து நான்கு நாள்தான் ஆகிறது, அதற்குள் என்ன கடிதம் என்று நந்திதா கேட்கிறாள். மேடையில் நடந்ததை நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்துதானே பார்த்தீர்கள். என் பக்கத்தையும் எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறது.

நீங்கள் பேழைமூடியோடு நடந்து வந்தபோது உங்கள் உதடு அசைந்துகொண்டிருந்தது. எல்லாரும் மந்திரம் சொல்கிறீர்கள் என்று நினைத்தார்கள். பக்கத்தில் வந்த பிறகுதான் எனக்குக் கேட்டது: குத்துவிளக்கு, ஃபேன், கோமளா, வாழைமரம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மண்டபத்தில் போன்கள் அங்கங்கே அடித்துக்கொண்டுதான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் உங்கள் கையைப் பார்த்தேன். ஒரு இழுப்பு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை, ஒரு இழுப்பு. சரி, தாண்டிவிடுவோம் என்று நினைத்தேன்.

அப்போது நஞ்சுண்டன் அருமைக்காரர் நம் ரெண்டு பேருக்கும் நடுவில் குனிந்து அரிசியை எடுத்தார். அவர் இடுப்பிலிருந்து, மண்டபமே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், முருகன் பாட்டு. உங்கள் காதுக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்காது. உங்கள் முகம் வெளுத்தது. கண் எங்கேயோ போய்விட்டது. அந்த முகத்தை நான் ஆம்புலன்ஸில் பார்த்திருக்கிறேன்.

அக்கா, அப்போது ரெண்டு இழுப்பு இழுத்தது நீங்கள் இல்லை. நான்தான். என்னால் முடியவில்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட வேண்டும் போல இருந்தது. கால் பாதி எழுந்துவிட்டது. கோமளாகூட ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டாள்.

சேலையில் ஒரு இழுப்பு வந்தது. ஒன்றே ஒன்று. என்னைக் கீழே உட்கார வைக்கிற மாதிரி, நல்ல பலமாக.

நஞ்சுண்டன் பதறிப்போய் இடுப்பைத் தடவி, "மன்னிக்கோணும் அம்மணி, கட் பண்ணிப்போடறேன்" என்று போனை வெளியே எடுத்தார். நீங்கள் பெரிதாக ஒரு மூச்சு விட்டீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: "கட் பண்ணாதீங்க. எடுத்துப் பேசுங்க. அந்தப் பக்கம் யாரோ காத்துட்டு இருப்பாங்க."

மேடையில் சீர் நடக்கும்போது அருமைக்காரர் போன் பேசியதை நம் ஊர் இதுவரை பார்த்ததில்லை. அவர் சம்சாரம்தான். பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். "சரி சாமி, சரி சாமி, நல்லதாப் போச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை மடியில் செருகிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சீரைத் தொடர்ந்தார். நீங்கள் அழுதுகொண்டே சிரித்தீர்கள். கீழே முதல் வரிசையில் ரிஃபானா மேடம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

காத்துக்கருப்பு என்று சொன்ன அந்த அம்மா பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மகனுக்குப் பைக் விபத்துக்குப் பிறகு தூக்கமே இல்லை என்று சொன்னாராமே. ரிஃபானா மேடத்தின் முகவரியை நீங்கள் எழுதிக் கொடுத்ததாக நந்திதா சொன்னாள்.

எனக்கு இன்னும் சரியாகவில்லை. நேற்று நந்திதா கோயிலுக்குப் போய் வரத் தாமதமாயிற்று. போனை எடுத்தேன், ஒருமுறை கூப்பிட்டேன், அவள் எடுக்கவில்லை. போனை அரிசி டப்பாமேல் வைத்துவிட்டுத் திண்டாடிக்கொண்டு வாசலில் நடந்தேன். அவள் வந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

மதன்

*

ஆர்.எஸ்.புரம்
17 செப்டம்பர் 2025

மதன் கண்ணு,

நீ பாதி எழுந்ததை நான் பார்த்தேன். அதனால்தான் அவ்வளவு பலமாக இழுத்தேன். நான் எங்கேயோ போய்க்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். மூடுபனிகூட வந்துவிட்டது. அப்போது கையில் ரெண்டு இழுப்பு. வேனுக்குள் என் கைக்கு எதுவும் எட்டவில்லை, மதன். இங்கே சேலை இருந்தது, அதன் அந்தப் பக்கம் நீ பயந்துபோய் உட்கார்ந்திருந்தாய். உன்னை உட்கார வைக்க வேண்டுமே என்று திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று உன் மாமாவோடு போய் ஒரு செல்போன் வாங்கினேன். கடைக்காரர் ஒவ்வொரு ட்யூனாகப் போட்டுக் காட்டினார். ரெண்டு தடவை வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். கடைசியில் ஒரு குருவிச் சத்தம் பிடித்தது. இன்றைக்குக் காலையில் நிஜக் குருவி கத்தியதற்கு உன் மாமா ஓடிப்போய்ப் போனை எடுத்தார்.

ராசாத்தாள் அக்காவின் வீட்டு நம்பரை அதில் ஏற்றி வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை. தீபாவளிக்கு முன்னால் நேரில் போய், கடைசியில் அவர் பக்கத்தில் நான் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். ரிஃபானா அவசரப்பட வேண்டாம் என்கிறார். நான் அவசரப்படவில்லை.

என் புது நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடு. ஒரே ஒரு தடவை. நான் எடுக்காவிட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று அர்த்தம், வண்டியை எடுக்காதே. அரிசி டப்பாமேல் போனை வைத்துவிட்டு நந்திதாவோடு டீ குடி. கையைத் துடைத்துக்கொண்டு நானே கூப்பிடுகிறேன்.

அக்கா